அரைப் பேர்

தெய்வம்மாவுக்கு என்ன தொழில் என்று கேட்டால், சோளம் சுட்டு விற்கிறாள் என்பார்கள். அது பாதிதான். அவளுக்கு இரண்டு தொழில். ஒன்று சோளம் சுடுவது, இன்னொன்று ஓடுவது. சோளம் சுடுவதில் அவளுக்குச் சமமாக இரண்டு மூன்று பேரைச் சொல்லலாம். ஓடுவதில், ஊட்டியிலிருந்து குன்னூர் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் அவளுக்கு ஈடாக ஒருத்தர் கிடைக்க மாட்டார்.

பெர்ன்ஹில் பக்கம் டூரிஸ்ட் பஸ்கள் திரும்பும் ஒரு வளைவு இருக்கிறது. அங்கே கற்பூர மரங்களுக்கு அடியில் பதினான்கு பேர் கடை போட்டிருந்தார்கள். வேர்க்கடலை அவித்து விற்கும் ஆறுச்சாமி, வளைவின் மேல்முனையில் உட்கார்ந்திருப்பார். கீழே நகராட்சி ஆபீஸ் ஜீப்பின் மூக்கு தெரிந்தால் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிப்பார். அவ்வளவுதான். தொப்பிக்காரர், ஸ்வெட்டர்காரர், கேரட் கட்டு விற்கிறவர் எல்லோரும் தார்ப்பாயின் நாலு மூலையையும் கூட்டிப் பிடித்து முதுகில் போட்டுக்கொண்டு சிட்டாய்ப் பறப்பார்கள். தெய்வம்மாவினுடையது முதுகில் போடுகிற வியாபாரம் இல்லை. தள்ளுவண்டி, அதன் மேல் கனன்றுகொண்டிருக்கும் கரியடுப்பு. உப்பு மிளகாய்த்தூள் டப்பாவை மடியில் செருகுவாள், எலுமிச்சைக் கிண்ணத்தைச் சோளக் குவியலுக்குள் புதைப்பாள், அடுப்பின் மேல் தகர மூடியைக் கவிழ்ப்பாள், மரங்களுக்கு நடுவே போகிற சரிவில் வண்டியோடு இறங்கிவிடுவாள். பதினான்கு வருஷத்தில் ஒரு கங்கு சிந்தியதில்லை. வெளியூர்க்காரர்கள் அதையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டார்கள்.

ஜீப் போனதும் எல்லோரும் திரும்பி வந்து, விட்ட இடத்தில் பேரத்தைத் தொடர்வார்கள். பிழைப்பு என்றால் இதுதான் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

தெய்வம்மாவின் அம்மா மாரியாயி, இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள். இந்த மலைக்கு வந்தும் கொழுந்துதான் பறித்தாள். லைன் வீட்டைக் கடைசிவரை லயம் என்றே சொன்னாள். ஒரு நாள் கூலியைப் 'பேர்' என்றாள். அந்தத் தோட்டங்களில் அப்படித்தான் பேச்சு. செக்ரோல் என்ற வருகை நோட்டில் பேர் விழுந்தால் அன்றைக்குக் கூலி உண்டு. கொழுந்து எடை குறைந்தாலோ, மழை பிடித்து மத்தியானத்தோடு வேலை நின்றாலோ அரைப் பேர். சாயங்காலம் கூடையை இறக்கிவிட்டு, "இன்னைக்கு அரைப்பேர்தான்டி" என்பாள் அம்மா. சின்ன வயதில் தெய்வம்மா அதை அப்படியே நம்பினாள். அம்மாவின் பேரில் பாதியை யாரோ வெட்டி எடுத்துக்கொள்கிறார்கள். போனது மாரியா, ஆயியா என்றுதான் அவளுக்குச் சந்தேகம்.

ஐந்தாம் வகுப்போடு நின்று அவளும் அதே மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனாள். ஒரு ஆனி மாதம், கொட்டுகிற சாரலில் நாள் முழுக்க நின்று இரண்டு சாக்கு நிறையப் பறித்துக் கொண்டுவந்தாள். கொழுந்தில் ஈரம் என்று எடையில் கழித்து அரைப் பேர் போட்டார்கள். மழையை நானா கூட்டிக்கொண்டு வந்தேன் என்று கேட்டாள். இஷ்டம் இருந்தால் இரு என்று பதில் வந்தது. சாக்கை அங்கேயே உதறிவிட்டு நடந்தவள் பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. யாருடைய நோட்டிலும் என் பேர் வேண்டாம் என்று அன்றைக்கு முடிவு செய்தாள். ரோஷக்காரி. அந்த ரோஷத்துக்குச் சரியான கூலி பின்னால் கிடைத்தது.

அவள் புருஷன் ஆறுக்குட்டி மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். மாதத்துக்கு ஒருமுறை மலையேறி வருவார். பழைய இரும்புக் கடையில் நான்கு சக்கரங்கள் பொறுக்கி, ஒரு வெல்டரைப் பிடித்து அந்த வண்டியைச் செய்து பஸ்ஸின் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர்தான். அந்த வண்டியில்தான் மகள் ராஜப்ரியா பள்ளிக்கூடம் முடித்தாள், காலேஜில் பி.காம். இரண்டாம் வருஷம் வரை வந்தாள். வண்டி இல்லையென்றால் அந்த வீட்டில் எதுவும் இல்லை.

பேர் வேண்டாம் என்றிருந்தவளைத் தேடி இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பேர் வந்தது.

தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்து அட்டை தர வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறது. அட்டை இருந்தால் யாரும் விரட்ட முடியாது. கணக்கெடுப்பு எந்தத் தேதியில் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கே ஒட்டினார்கள்? ஆபீஸ் வாசலில். ஆபீஸைக் கண்டாலே அடுத்த தெருவில் நடக்கிறவர்கள் அதைப் படித்துக்கொள்ள வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் நினைத்தானோ தெரியாது. அந்தத் தேதியில் ஜீப் வந்தது. சசிதரன் என்ற இளவயது அதிகாரி, கையில் அட்டைப் பலகையும் பேனாவும். ஆறுச்சாமி விசில் அடித்தார். எல்லோரும் ஓடினார்கள்.

தொப்பி விற்கும் பாலுவுக்கு அப்போது காலில் மாவுக்கட்டு. அவனால் எழுந்திருக்க முடியவில்லை. அவனிடம்தான் முதலில் வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் அவன் தொண்டை கிழியக் கத்தினான்.

"தெய்வம்மாக்கா, நில்லுங்க! பேர் எழுத வந்திருக்காங்க!"

வளைவில் 'பேர் எழுதுறாங்க' என்றால் கேஸ் போடுகிறார்கள் என்று அர்த்தம். அதைக் கேட்டதும் தெய்வம்மா ஓட்டத்தை இரட்டிப்பாக்கினாள். அன்றைக்குச் சரிவின் அடிவரை, வாய்க்காலைத் தாண்டி, சர்ச் மதில் வரைக்கும் போய்த்தான் நின்றாள். பதினான்கு பேரில் அட்டை கிடைத்தது கால் ஒடிந்தவனுக்கு மட்டும். மற்றவர்கள் மறுநாள் விஷயம் தெரிந்து ஆபீசுக்குப் போனபோது, கணக்கெடுப்பு முடிந்துவிட்டது, அடுத்தது ஐந்து வருஷம் கழித்து என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். விசில் அடித்த ஆறுச்சாமி ஒரு வாரம் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

போன வருஷக் கடைசியில் ராஜப்ரியாவின் காலேஜில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். கோயம்புத்தூர் அறக்கட்டளை ஒன்று மாணவர்களுக்கு நடத்தும் கட்டுரைப் போட்டி. தலைப்பு 'சட்டமும் பொருளாதாரச் சுதந்திரமும்'. தமிழிலும் எழுதலாம், இங்கிலீஷிலும் எழுதலாம். கூடப் படிக்கிறவர்கள் செல்போனில் தேடி, வெள்ளைக்காரர்கள் சொன்னதையெல்லாம் வரிசையாக அடுக்கினார்கள். ராஜப்ரியா வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து சோளத் தோகை உரித்தபடியே கேள்வி கேட்டாள்.

"அம்மா, பொருளாதாரச் சுதந்திரம்னா உனக்கு என்னன்னு தோணுது?"

"அப்புடின்னா என்ன கண்ணு?"

"யாருக்கும் பயப்படாம நம்ம தொழில நாம பண்றது."

தெய்வம்மா யோசித்தாள். "ஆறுச்சாமியண்ணன் விசில் அடிக்காத நாள்னு சொல்லு" என்றாள்.

கட்டுரையின் முதல் வரியே அதுதான். மகள் எல்லாவற்றையும் எழுதினாள். பாட்டியின் அரைப் பேரை எழுதினாள், அம்மா அட்டையிலிருந்து ஓடிப்போன கதையை எழுதினாள். கணக்கெடுப்பு முடியும்வரை ஒரு வியாபாரியையும் அகற்றக் கூடாது என்று சட்டத்தில் இருப்பதைத் தேடிப் பிடித்துப் பிரிவு எண்ணோடு எழுதினாள். உரிமை என்பது ஓடாமல் நிற்பவருக்குத்தான் என்றால், ஓட வைத்தது யார் என்று கேட்டு முடித்தாள். தலைப்பு 'அரைப் பேர்'. எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் தெய்வம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். ஓடிய கதை வந்த இடத்தில் தெய்வம்மா வெட்கப்பட்டு, "இதெல்லாம் எதுக்கு சாமி, மானம் போகுது" என்றாள். ஆனால் எடுத்துவிடச் சொல்லவில்லை. அவள் வாழ்க்கையை யாரும் அதுவரை இரண்டு வரி சேர்ந்தாற்போல் எழுதியதில்லை.

கட்டுரைக்கு முதல் பரிசு கிடைத்தது. முழுசாக இல்லை. இங்கிலீஷில் எழுதிய ஒரு மாணவனுக்கும் தமிழில் எழுதிய இவளுக்கும் பங்கு போட்டிருந்தார்கள்.

விழா ஊட்டியில் ஒரு பெரிய ஹோட்டலில். தெய்வம்மா கல்யாணப் பட்டுக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு போனாள். உள்ளே ஹீட்டர் வைத்திருந்ததால் வேர்த்து வழிந்தது. சால்வையைக் கழற்றினால் கரிப் புகை வாசம் வருமோ என்று பயந்து கழற்றவே இல்லை. பரிசைப் பங்கு போட்டதை மேடையில் அறிவித்தபோது மகளின் காதில், "இங்கயும் அரைப்பேர்தானா கண்ணு?" என்றாள். மகள் அவள் தொடையைக் கிள்ளினாள்.

ஓய்வுபெற்ற ஒரு நீதிபதிதான் சிறப்பு விருந்தினர். கட்டுரையிலிருந்து ஒரு பகுதியை அவரே வாசித்தார். கால் ஒடிந்தவனுக்கு மட்டும் அட்டை கிடைத்த இடத்தில் அரங்கமே சிரித்தது. தெய்வம்மாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். முன்வரிசையில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே சசிதரனும் இருந்து சிரித்ததைப் பார்த்தாள். நீதிபதி அவளை எழுந்து நிற்கச் சொன்னார்.

"சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது, அம்மா. இனிமேல் நீங்கள் ஓடக் கூடாது."

எல்லோரும் கை தட்டினார்கள். சசிதரனும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார். காபி குடிக்கிற இடத்தில் அவரே கிட்டத்தில் வந்து, "உங்க பொண்ணு எங்களையும் ஒரு புடி புடிச்சிருக்குதுங்க" என்றார் சிரித்த முகத்தோடு. அட்டைக்கு மனு கொடுக்கச் சொன்னார். தெய்வம்மா மூன்று மனு கொடுத்தாள். மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கட்டுரைகளைப் புத்தகமாக அச்சடித்து எல்லா ஆபீஸ்களுக்கும் இலவசமாக அனுப்பினார்கள்.

தெய்வம்மாவுக்கு மனுவின் மேல் பெரிய நம்பிக்கை இல்லை. நம்பிக்கையெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் மேல். கோட்டு போட்ட ஒரு ஜட்ஜு, அத்தனை பேர் முன்னால், அவளைப் பார்த்துச் சொன்ன வாக்கியம். மகளுக்குக் கொடுத்த சான்றிதழை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்தாள். நான்கு மூலையிலும் ஓட்டை போட்டு, கம்பியால் வண்டியின் முன்கம்பத்தில் கட்டினாள்.

"ஊட்டுல மாட்டி வெக்கலாம்ல?" என்றாள் ராஜப்ரியா.

"ஊட்டுல ஆரு பாக்கறா? இங்க இருந்தா நாலு பேரு பாப்பாங்க."

நாலு பேர் பார்த்தார்கள். சிலர் பாராட்டி ஒரு சோளம் கூடுதலாக வாங்கினார்கள். பங்குனியில் இரண்டு முறை விசில் வந்தது. இரண்டு முறையும் தெய்வம்மா அசையவில்லை. அடுப்பை விசிறிக்கொண்டு நின்றாள். இரண்டு முறையும் ஜீப் வேறெங்கோ அவசரமாகப் போகிற வழியில் வளைவைத் தாண்டிப் போய்விட்டது. ஓடி ஒளிந்து திரும்பி வந்தவர்கள், இடம் மாறாமல் நின்றவளைக் கோயில் சிலையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

ஆறுச்சாமி மட்டும் சமாதானமாகவில்லை. "ஏனுங்க தெய்வம்மா, எனக்கென்னமோ சரியாப் படலைங்க. நான் விசில் அடிச்சா நீங்க பேசாமப் போயிருங்க" என்றார்.

"நீங்க அன்னைக்கு விசில் அடிச்சதாலதானுங்கண்ணா என்ற அட்டை போச்சு" என்றாள் தெய்வம்மா. சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தாள். ஆறுச்சாமி அதற்குப் பிறகு அவளிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மே மாதம் சீசன். மலர்க் கண்காட்சிக்குப் பெரியவர்கள் வருகிறார்கள், சாலையோரம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஆறுச்சாமி விசில் அடித்தார். வழக்கமான குட்டை விசில் இல்லை. மூச்சு முட்ட நீளமாக ஒன்று. ஜீப்புக்குப் பின்னால் லாரியும் வந்தது.

பத்து எண்ணுவதற்குள் வளைவு காலியானது. பாலு கழுத்தில் அட்டையோடு உட்கார்ந்திருந்தான். தெய்வம்மா அடுப்பை விசிறிக்கொண்டு நின்றாள்.

சசிதரன் இறங்கினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"ஏம்மா, நீங்க போகலைங்களா? கீழ அஞ்சு நிமிஷம் வண்டிய நிறுத்தி வெச்சுட்டுத்தான வந்தோம்."

அப்போதுதான் தெய்வம்மாவுக்கு ஒன்று உறைத்தது. பதினான்கு வருஷமாக ஜீப் கீழே தெரிந்ததும் மேலே வந்ததும் ஒரே நேரமில்லை. ஓடுவதற்கு அவகாசம் கொடுத்துத்தான் வந்திருக்கிறார்கள். அவள் கால் வேகம் என்று நினைத்ததில் பாதி அவர்கள் போட்ட பிச்சை. ஆனாலும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

"எதுக்குங்க போகோணும்? சட்டம் எங்க பக்கம்னு ஜட்ஜய்யா சொன்னாருங்களே. நீங்களும்தான கை தட்டினீங்க."

சசிதரன் செருமினார். "சர்டிபிகேட் இருக்குங்களாம்மா?"

"இருக்குதுங்க" என்று தெய்வம்மா பெருமையோடு முன்கம்பத்தைக் காட்டினாள்.

லாரியில் வந்தவர்கள் சிரித்தார்கள். சசிதரன் சிரிக்கவில்லை. கிட்டத்தில் போய் முழுசாகப் படித்தார். அதில் என்ன இருக்கும் என்று தெரிந்தும் படித்தார்.

"இது உங்க பொண்ணோடதுங்க. நான் கேக்கறது வியாபாரச் சான்றிதழ், அந்த அட்டை."

"கணக்கெடுப்பு முடியற வரைக்கும் ஆரையும் எடுக்கக் கூடாதுன்னு சட்டத்துல இருக்குதுங்களே. என்ற புள்ள நம்பரோட எழுதியிருக்குதுங்க."

"கணக்கெடுப்புதான் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சுங்களே." சசிதரன் குரலைத் தணித்தார். "நீங்க பேர் குடுக்காம ஓடினதையும் உங்க பொண்ணுதான் எழுதியிருக்குது. புஸ்தகம் மேல எல்லா டேபிளுக்கும் போயிருச்சுங்கம்மா. அந்த வளைவுல அட்டை இல்லாம ஒரு சோள வண்டி நிக்குதாமேன்னு போன வாரமே என்னைக் கேட்டாங்க. உங்களைப் பார்க்கலைன்னு இனி நான் சொல்ல முடியாதுங்க."

நான்கு பேர் வண்டியைத் தூக்கினார்கள். அடுப்பு சரிந்து, பதினான்கு வருஷமாகச் சிந்தாத கங்கு சாலையில் சிதறியது. ஒரு சோளம் உருண்டு போய் டூரிஸ்ட் பஸ்ஸின் டயரில் நசுங்கியது. தெய்வம்மா வெறுங்கையால் கங்குகளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டாள். அதைச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. கைக்கு வேறு வேலை தெரியவில்லை. பாலு மட்டும் நொண்டிக்கொண்டு வந்து, "விடுங்கக்கா, கை வெந்துரும்" என்று அவள் தோளைப் பிடித்து எழுப்பினான்.

சசிதரன் சட்டத்தை மதிக்கிற மனிதர். பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதி, கையெழுத்துப் போட்டு, நகலை வியாபாரியிடம் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அந்த ஒரு வரியை அவர் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினார். ஓரச் சுவரில் உட்கார்ந்து, லாரியில் ஏறுகிற ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து எழுதினார்.

"பேர் என்னங்க?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாத பேரா? சட்டப்படி கேட்க வேண்டும், கேட்டார். தெய்வம்மா சொன்னாள். வியாபாரச் சான்றிதழைக் காட்டி, அபராதம் கட்டி, வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக் காகிதத்தைக் கொடுத்தார். இல்லாத சான்றிதழை எப்படிக் காட்டுவது என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மூன்று மணிக்கெல்லாம் ஓடியவர்கள் திரும்பி வந்து கடை விரித்தார்கள். அவள் இடத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். ஆறுச்சாமி ஒரு பொட்டலம் கடலையைக் கொண்டுவந்து நீட்டினார். தெய்வம்மா அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

சாயங்காலம் காலேஜிலிருந்து ராஜப்ரியா வந்தபோது அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் கொப்புளம். பக்கத்தில் பிரிக்காத கடலைப் பொட்டலம். மகளிடம் காகிதத்தை நீட்டினாள்.

"படி கண்ணு."

ராஜப்ரியா நின்றபடியே படித்தாள். "தள்ளுவண்டி ஒன்று. இரும்பு அடுப்பு ஒன்று. தகர மூடி ஒன்று. சோளம் நாற்பத்தாறு..." அங்கே குரல் நின்றது.

"அப்புறம்?"

"பிளாஸ்டிக் உறையிட்ட சான்றிதழ், ஒன்று."

அவள் அப்படியே படியில் சரிந்து உட்கார்ந்தாள். "நான் எழுதாம இருந்திருந்தா நீ ஓடியிருப்பேம்மா" என்றாள். "நான்தாம்மா. நான்தான்." தெய்வம்மா அதற்கு இல்லை என்று சொல்லவில்லை. மகள் மேல் அவளுக்குக் கோபம் இருந்தது, மகளை அணைத்துக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் காகிதத்தை வாங்கித் தன் மடியில் விரித்தாள். மேல்வரியில் விரலை வைத்து, ஐந்தாம் வகுப்புப் படிப்பைக் கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். தெ, ய், வ, ம், மா. கணவர் பெயர், ஆறுக்குட்டி. கீழே கதவு எண், தெரு, எல்லாம் இருந்தது. பக்கத்தில் வட்டமாக அரசாங்க முத்திரை.

"முழுப் பேரும் எழுதியிருக்காங்க கண்ணு" என்றாள். "எங்கம்மாவுக்குக்கூட இப்புடி விழுந்ததில்ல."